ஒரு தவறு, இரண்டு கணக்கு

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. உறவில் ஒரு கல்யாணம் என்றால் ஒருவர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் போன பிறகுதான் மற்றவர் மண்டபத்துக்குள் நுழைவார். என்னதான் நடந்தது என்று தம்பியைக் கேட்டால் கதை சின்ன வயதிலிருந்து தொடங்கும். படிப்புச் செலவில் பாரபட்சம், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதது, கடைசியில் நிலப் பத்திரத்தில் நடந்த விஷயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். "இன்னைக்கும் அதோட பாதிப்பைத்தான் அனுபவிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று முடிப்பார். அண்ணனைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். "அன்னைக்கு ஏதோ கோபத்துல ஒரு வார்த்தை விட்டுட்டேன். எனக்கும் ஆயிரம் நெருக்கடி. அப்புறம் நானே போன் பண்ணிப் பேசினேன். அவன்தான் அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

இதில் யார் பொய் சொல்கிறார்? கேட்பவர் எல்லோரும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து, ஒருவரை அழுத்தக்காரர் என்றோ மற்றவரை மனசாட்சி இல்லாதவர் என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்க நமக்கு மனம் வருவதில்லை.

இந்தப் புதிரை 1990இல் ஓர் எளிய ஆய்வு கையில் எடுத்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்கள் ஆர்லீன் ஸ்டில்வெல், சாரா வோட்மன் ஆகியோரும் தம்மிடம் வந்தவர்களை ஆளுக்கு இரண்டு உண்மைச் சம்பவங்களை எழுதச் சொன்னார்கள். ஒன்று, யாரோ தன்னைக் கோபப்படுத்திய சம்பவம். மற்றது, தான் யாரையோ கோபப்படுத்திய சம்பவம். பிறகு இரண்டு வகைக் கதைகளிலும் என்னென்ன இருக்கின்றன, என்னென்ன இல்லை என்று பிரித்துப் பார்த்தார்கள்.

காயப்பட்டவராக எழுதிய கதைகள் நீளமான காலத்தை எடுத்துக்கொண்டன. பல சம்பவங்கள் சேர்ந்து வந்தன. பாதிப்பு இன்னும் தொடர்வதாக இருந்தது. எதிராளி ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குக் காரணமே பிடிபடவில்லை, அது வெறும் வன்மமாகவே தெரிந்தது. காயப்படுத்தியவராக எழுதிய கதைகளில் சம்பவம் தனியாக, ஒரே ஒருமுறை நடந்ததாக நின்றது. சூழ்நிலைக் காரணங்கள் இருந்தன. மற்றவர் கொஞ்சம் அளவுக்கு மீறிக் கோபித்துக்கொண்டதாகவும், அதெல்லாம் எப்போதோ முடிந்துபோன கதை என்பதாகவும் இருந்தது.

இந்த ஆய்வின் அழகு அதன் வடிவத்தில் இருக்கிறது. இரண்டு கதைகளையும் எழுதியது ஒரே ஆள். ஆகவே பெருந்தன்மை உள்ளவர்கள் ஒரு விதமாகவும் குறுகிய மனம் படைத்தவர்கள் வேறு விதமாகவும் எழுதினார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. ஆள் மாறவில்லை, அவர் உட்கார்ந்த இடம் மட்டும் மாறியது. அதற்கே கதையின் பருமன் மாறிவிட்டது.

கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் நடப்பதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். கொடுத்தவர் கணக்கில் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறிக்கொண்டே போகும். வாங்கியவருக்கோ அசல் மட்டும்தான் நினைவிருக்கும். அதிலும் நடுவில் திருப்பிக் கொடுத்த சில்லறையை எல்லாம் அவர் கழித்து வைத்திருப்பார். இருவரும் நோட்டைத் திறந்து காட்டினால் இருவருடைய கூட்டலும் சரியாகவே இருக்கும், ஆனால் தொகை ஒன்றாக இராது. இந்த வித்தியாசத்தைத் தமிழில் 'அளவு இடைவெளி' என்று சொல்லிக்கொள்வோம்.

ஓர் ஐயம் எழுகிறது. மனிதர்கள் தாம் பட்ட காயங்களில் பெரியதையும், தாம் செய்த தவறுகளில் சிறியதையும் பொறுக்கி எழுதியிருக்கலாமே? அப்படியானால் நினைவு திரிந்தது என்று எப்படிச் சொல்வது? 1997இல் ஸ்டில்வெல்லும் பாமைஸ்டரும் இதற்கு விடை தேடினார்கள். இந்த முறை கதையை அவர்களே கொடுத்தார்கள். பாடத்தில் உதவுவதாக வாக்களித்த ஒரு மாணவர் அதைக் காப்பாற்றவில்லை. நம்பியிருந்த மாணவருக்கு மதிப்பெண் போயிற்று. சிலரைக் காயப்பட்ட மாணவராகவும் சிலரைக் காயப்படுத்திய மாணவராகவும் தங்களை நினைத்துக்கொண்டு, 'நான்' என்று தன்மையில் அதைத் திரும்ப எழுதச் சொன்னார்கள். ஒப்பீட்டுக்காக இன்னொரு குழு எந்தப் பக்கமும் சேராமல் எழுதியது. மூலக் கதை ஆய்வாளர்கள் கையில் இருந்ததால், யார் எதை விட்டார்கள், எதைக் கூட்டினார்கள் என்று வரிவரியாக ஒப்பிட முடிந்தது.

தவறு செய்தவர் பக்கம்தான் அதிகம் திரிக்கும் என்றுதான் நம்மில் பலரும் எதிர்பார்ப்போம். ஆனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் திரித்தன, திசை மட்டும்தான் எதிரெதிர். ஒரு பக்கம் தணிக்கும் காரணங்களை விட்டுவிட்டது. மற்றப் பக்கம் விளைவுகளை விட்டுவிட்டது. அந்தச் சம்பவம் இவர்கள் யாருக்கும் நடந்ததுகூட இல்லை. சிறிது நேரம் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டதற்கே இப்படி என்றால், முப்பது வருடம் ஒரே பாத்திரத்தில் வாழ்ந்தவரின் நினைவு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மன்னித்தல் என்பது இந்தக் கணக்கை என்ன செய்கிறது? ஆய்வாளர்கள் முதலில் மன்னித்தல் எது இல்லை என்று வரையறுத்துக்கொண்டார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980களின் நடுவிலேயே இத்துறையைத் தொடங்கிய ராபர்ட் என்ரைட் இதில் பிடிவாதமாக இருந்தார். நடந்ததை மறப்பது மன்னித்தல் ஆகாது. நடந்தது தவறே இல்லை என்று சொல்வதும், தண்டனையைக் கைவிடுவதும், மறுபடி உறவு கொண்டாடுவதும் மன்னித்தல் ஆகாது. தவறு தவறுதான் என்று தெரிந்துகொண்டே, அதைச் செய்தவர்மேல் உள்ள பகையைக் கைவிடுவதுதான் மன்னித்தல்.

இதை அளக்க மைக்கேல் மெக்கலாவும் சகாக்களும் 1998இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். 'மன்னித்துவிட்டீர்களா?' என்று நேராகக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆகவே அவர்கள் இரண்டு உந்துதல்களைத் தனித்தனியாக விசாரித்தார்கள். ஒன்று, அந்த ஆளைத் தவிர்க்க வேண்டும், முகத்தில் விழிக்கக் கூடாது என்ற உந்துதல். மற்றது, அவருக்கு ஏதாவது கெடுதல் நடக்க வேண்டும் என்ற உந்துதல். இரண்டும் காலப்போக்கில் குறைகின்றனவா என்று பார்ப்பதுதான் அளவீடு. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் எவரெட் வொர்திங்டன் இன்னொரு பிரிவையும் சேர்த்தார். பழிவாங்க மாட்டேன் என்று முடிவு எடுப்பது ஒன்று, உள்ளே கசப்பு கரைவது இன்னொன்று. முதலாவது ஒரே நாளில் நடந்துவிடலாம், இரண்டாவதற்கு வருடங்கள் ஆகலாம். மன்னித்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் பெயரைக் கேட்டாலே ஏன் வயிறு எரிகிறது என்று தன்னையே நொந்துகொள்பவர்களுக்கு இந்தப் பிரிவு பெரிய ஆறுதல். அவர்கள் பொய்யாக மன்னிக்கவில்லை. பாதி வழியில் இருக்கிறார்கள்.

அந்தக் கசப்பு உடம்பிலும் பதிகிறது. 2001இல் மிச்சிகன் மாநிலத்தின் ஹோப் கல்லூரியில் ஷார்லட் விட்வ்லியட் 35 பெண்களையும் 36 ஆண்களையும் உட்கார வைத்து, தம்மை உண்மையிலேயே காயப்படுத்திய ஒருவரை நினைத்துக்கொள்ளச் சொன்னார். சில நேரம் காயத்தை அசைபோட வேண்டும், வஞ்சத்தை வளர்க்க வேண்டும். சில நேரம் அந்த ஆளின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும், மன்னிப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், தோலில் வியர்வை கூடுவதைக் காட்டும் மின்கடத்தல், புருவத்தைச் சுருக்கும் தசையின் மின்துடிப்பு ஆகியவற்றைக் கருவிகள் பதிவு செய்தன. வஞ்சம் வளர்க்கும்போது எல்லாமே கூடின. கற்பனையை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொன்ன பிறகும் துடிப்பும் வியர்வையும் புருவத் தசையும் முழுதாக அடங்கவில்லை. இதை வைத்துக்கொண்டு மன்னிக்காதவருக்கு மாரடைப்பு வரும் என்று சொல்லிவிட முடியாது. சில நிமிடக் கற்பனையில் உடம்பில் நேர்ந்த மாற்றத்தைத்தான் இந்த ஆய்வு அளந்தது. ஆனாலும் வட்டி ஏறும் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதில் புரட்டுபவரின் உடம்பு உழைக்கிறது என்பதை இது கண்முன் காட்டியது.

இனிப் பணிவுக்கு வருவோம். மன்னித்தலைவிட இதை அளப்பது கடினம். 'நான் மிகவும் பணிவானவன்' என்ற வாக்கியத்துக்கு ஒருவர் ஐந்துக்கு ஐந்து போட்டால் அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? உண்மையிலேயே பணிவுள்ளவர் இரண்டோ மூன்றோதான் போடுவார். அளவுகோலே தலைகீழாக நிற்கிறது. இந்தச் சிக்கலால் பல வருடங்கள் இத்துறை நகரவே இல்லை. 2000இல் ஜூன் டாங்னி முந்தைய ஆய்வுகளைத் தொகுத்தபோது பணிவைப் பற்றி அறிவியல் எவ்வளவு குறைவாக யோசித்திருக்கிறது என்பது வெளிப்பட்டது. பணிவு என்றால் தன்னைத் தாழ்த்திக்கொள்வது இல்லை என்று அவர் தெளிவுபடுத்தினார். தன் திறமையையும் குறையையும் உள்ளபடி காண்பது, தவறை ஒப்புக்கொள்ள முடிவது, எந்நேரமும் தன்னையே நினைத்துக்கொண்டிராமல் இருப்பது, இவையே அதன் கூறுகள். தன் குறையை மிகைப்படுத்திப் புலம்புபவருக்கும் இந்த வரையறைப்படி பணிவு குறைவுதான், ஏனென்றால் அவர் பேச்சும் அவரைப் பற்றியதாகவே இருக்கிறது.

பத்தாண்டுகள் கழித்து டான் டேவிஸ், வொர்திங்டன், ஜோஷுவா ஹூக் ஆகியோர் ஒரு வழி சொன்னார்கள். ஒருவரின் பணிவை அவரிடம் கேட்காதீர்கள், அவரோடு பழகியவர்களிடம் கேளுங்கள். அதுவும் எல்லாம் சுமுகமாகப் போகும் நாளில் பார்த்தால் போதாது. சண்டை வரும்போது, பாராட்டு குவியும்போது, அதிகாரம் கைக்கு வரும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். எனக்கு இது அறிவியலின் தந்திரமாக மட்டும் படவில்லை. ஒருவருடைய சில குணங்களுக்கு அவரே சாட்சி சொல்ல முடியாது என்பதை ஒரு துறை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே கனடாவில் பணியாற்றிய கிபியோம் லீ, மைக்கேல் ஆஷ்டன் இருவரும் வேறொரு பாதையில் பணிவை எட்டினார்கள். கொரிய, டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், ஹங்கேரிய, இத்தாலிய, போலிஷ் மொழிகளில் மனிதக் குணத்தைச் சொல்லும் சொற்களை எடுத்து, எந்தெந்தச் சொற்கள் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுகின்றன என்று ஆராய்ந்த பணிகளை 2004இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஏற்கெனவே பேசப்பட்டுவந்த ஐந்து பெருங்குணங்களுக்கு வெளியே ஆறாவதாக ஒன்று தென்பட்டது. அதற்கு நேர்மை–பணிவு என்று பெயர் வைத்தார்கள். பிறரைச் சுரண்ட வாய்ப்புக் கிடைத்தும் சுரண்டாமல் இருப்பது அதன் சாரம். மன்னிக்கும் இயல்பு அவர்கள் வரைபடத்தில் அதனோடு சேரவில்லை; இணக்கம் என்ற தனிக் குணத்தின் கீழ் போய் விழுந்தது. பிறர் தன்னைச் சுரண்டியிருக்கக்கூடும் என்றபோதும் அவரோடு ஒத்துப்போவது இணக்கத்தின் சாரம். கடன் உவமையில் சொன்னால், ஒன்று வாங்கியவர் பக்கத்து அறம், மற்றது கொடுத்தவர் பக்கத்து அறம்.

அப்படியானால் பணிவுள்ளவர் மன்னிக்கவும் செய்வார் என்று நாம் நம்புவதற்கு ஆதாரம் உண்டா? இங்கேதான் ஜூலி எக்ஸ்லைனின் பணி வருகிறது. 2004இல் அவரும் சகாக்களும் எதிர்ப்பக்கத்தை முதலில் பார்த்தார்கள். தனக்கு எல்லாம் சேர வேண்டும், தான் தனிமரியாதைக்கு உரியவன் என்ற உரிமையுணர்வு மிகுந்தவர்கள் எளிதில் புண்பட்டார்கள். பாக்கியைப் பைசா விடாமல் வசூலிப்பதில் குறியாக இருந்தார்கள். மன்னிப்பது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. 2008இல் எக்ஸ்லைன், பாமைஸ்டர், விட்வ்லியட் முதலியோர் ஏழு ஆய்வுகளை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். கேள்வி இதுதான்: எனக்குத் தீங்கு செய்தவர் செய்ததைப் போன்ற ஒன்றை நானும் செய்யக்கூடியவன் என்று ஒருவர் காணும்போது என்ன நடக்கிறது?

மன்னிக்கும் போக்கு கூடியது. கற்பனைச் சம்பவங்களிலும் சரி, உண்மையில் நடந்தவற்றிலும் சரி, தனிமனிதர்களிடையிலும் குழுக்களிடையிலும் இதே போக்கு காணப்பட்டது. இயல்பிலேயே இப்படி நினைப்பவர்களைக் கவனித்ததோடு நிறுத்தாமல், சிலரைத் தம்முடைய பழைய தவறை நினைவுகூரச் செய்தும் சோதித்தார்கள். இது முக்கியம். மன்னிக்கும் சுபாவம் உள்ளவர்களே தம் குறையையும் காண்கிறார்கள் என்றால் எது காரணம், எது விளைவு என்று தெரியாது. ஆய்வாளரே அந்த எண்ணத்தை விதைத்து விளைவு மாறினால்தான் காரணம் என்று சொல்ல இடம் உண்டு. உள்ளே மூன்று விஷயங்கள் வேலை செய்தன. தவறு சற்றுச் சிறியதாகத் தெரிந்தது. செய்தவரின் நிலை புரிந்தது. அவரும் தன்னைப் போன்றவரே என்று பட்டது. முதல் இரண்டும், காயப்பட்டவர் கதையில் பாமைஸ்டர் 1990இல் கண்ட பெருக்கத்தையும் காரணம் புரியாமையையும் நேராகத் தொடுகின்றன.

ஆனால் ஒரு நிபந்தனையும் வெளிப்பட்டது, இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. 'நானும் தவறு செய்யும் மனிதன்தானே' என்ற பொதுவான எண்ணம் போதவில்லை. நினைவுக்கு வரும் சொந்தத் தவறு, எதிராளி செய்த தவறோடு வகையிலும் தீவிரத்திலும் ஒத்திருக்க வேண்டியிருந்தது. நம்பிக்கைத் துரோகத்தால் காயப்பட்டவருக்கு, தான் ஒருநாள் தாமதமாக வந்தது நினைவுக்கு வந்து பயனில்லை. ஆண்களிடம் இந்த விளைவு பெண்களைவிடக் கூடுதலாக இருந்தது.

வொர்திங்டனின் வாழ்க்கையில் இது நடந்திருக்கிறது, எக்ஸ்லைன் கட்டுரைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு. 1996 புத்தாண்டு பிறந்த இரவில் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில் நகரில், வீடு புகுந்து திருட வந்தவரால் அவருடைய வயதான தாய் அடித்துக் கொல்லப்பட்டார். மன்னித்தலை ஏற்கெனவே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். ஆனால் அன்று அவருக்கு வந்தது கொலைவெறி. அந்த ஆள் கையில் கிடைத்தால் அங்கே கிடந்த பேஸ்பால் மட்டையால் அடித்தே கொல்வேன் என்று சொன்னதை அவரே எழுதியிருக்கிறார். அன்றிரவு தூக்கம் வராமல், பிறருக்குக் கற்பித்த முறையைத் தனக்குச் செய்து பார்த்தார். இருட்டான வீடு, வாசலில் கார் இல்லை, ஆளில்லை என்று நம்பி நுழைந்த ஒருவன் திடீரென்று பின்னால் குரல் கேட்டு வெலவெலத்துப்போவதைக் கற்பனை செய்தார். பிறகு ஒன்று உறைத்தது: அவன் பதற்றத்தில் செய்ததைத் தான் நிதானமாகத் திட்டமிட்டுச் செய்ய ஆசைப்பட்டோம். வகையும் தீவிரமும் அப்படியே ஒத்துப்போன ஒரு நினைவு. அந்த இடத்திலிருந்துதான் அவரால் மன்னிக்க முடிந்தது.

அவர் வகுத்த முறை ஐந்து படிகள் கொண்டது. காயத்தை நிதானமாக நினைவுகூர்வது, செய்தவரின் பக்கத்தை உணர முயல்வது, மன்னிப்பை ஒரு கொடையாகத் தருவது, அதை எழுதியோ சொல்லியோ உறுதிப்படுத்துவது, கசப்பு திரும்பும்போது விடாமல் பற்றிக்கொள்வது. மூன்றாவது படியில், தன்னை யாரோ எப்போதோ மன்னித்த ஒரு சந்தர்ப்பத்தை நினைக்கச் சொல்கிறார்கள். கடன்காரராக நின்ற அனுபவம் அங்கே திரும்பக் கிடைக்கிறது. இந்த முறையைச் சுமார் மூன்று மணி நேரத்தில் தானே செய்துகொள்ளும் பயிற்சி ஏடாக்கி, கொலம்பியா, ஹாங்காங், இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன் ஆகிய இடங்களில் 4,598 பேரிடம் சோதித்த முடிவு 2024இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஏட்டை உடனே கொடுத்தார்கள், மீதிப் பேருக்குச் சில வாரங்கள் கழித்துக் கொடுத்தார்கள். காலம் போனாலே கோபம் தணியும் என்பதால் இந்தக் காத்திருக்கும் குழு தேவை. உடனே பெற்றவர்களிடம் மன்னிக்கும் மனநிலை கூடியது. மனச்சோர்வும் பதற்றமும் காத்திருந்தவர்களைவிடக் குறைந்தன. எல்லாம் அவரவர் வாயால் சொன்னவை என்பதையும், ஏடு கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை தீங்கு செய்துவிடும். 'நீயும் அப்படிச் செய்யக்கூடியவள்தானே' என்பது தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி. வெளியிலிருந்து ஒருவர் காயப்பட்டவரிடம் கேட்டால் அது இன்னொரு அடி. குடும்பத்தவராலேயே சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 12 பெண்களோடு சூசான் ஃப்ரீட்மனும் என்ரைட்டும் நடத்திய ஆய்வு 1996இல் வெளியானது. மன்னித்தலை ஒட்டிய அந்த ஆலோசனை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, சராசரியாக 14 மாதங்களுக்கு மேல் நடந்தது. அவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, நம்பிக்கை கூடியது. ஆனால் அங்கே தொடக்கமே கோபத்தை ஒப்புக்கொள்வதுதான். இழைத்தவரோடு மீண்டும் சேருவது நோக்கமாகவே வைக்கப்படவில்லை. மூன்று மணி நேர ஏட்டையும் 14 மாத உழைப்பையும் 'மன்னிச்சிடு, விட்டுத் தள்ளு' என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரு பெண்ணிடம் சொல்லும் ஒற்றை வாக்கியத்தோடு ஒன்றாக்கக் கூடாது.

மன்னிப்பு எதிராளியை என்ன செய்கிறது என்பதையும் ஒருவர் பொறுமையாகப் பின்தொடர்ந்தார். புதிதாக மணமான 72 தம்பதிகளை முதல் நான்கு ஆண்டுகள் கவனித்த ஜேம்ஸ் மெக்நல்டி 2011இல் வெளியிட்ட முடிவு கசப்பானது. எளிதில் மன்னிக்காதவர்களின் துணைகளிடம் சுடுசொல்லும் கைநீட்டலும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. எளிதில் மன்னித்தவர்களின் துணைகளிடம் அவை குறையாமல் அப்படியே நீடித்தன. கோபம் என்ற விலை இல்லாத இடத்தில் நடத்தை மாறக் காரணம் இல்லை என்பது அவர் விளக்கம். 2016இல் அவரும் மிஷல் ரஸ்ஸலும் இன்னும் நுட்பமாகப் பிரித்தார்கள். இணக்கமான இயல்புள்ளவரை மன்னித்தால் அவர் அடுத்தடுத்துத் தவறுவது குறைந்தது. இணக்கமற்றவரை மன்னித்தபோது அது கூடியது. மன்னிக்கலாமா என்ற கேள்விக்கு மன்னிப்பவரின் மனத்தை மட்டும் அளந்து விடை சொல்ல முடியாமல் போனது இந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான். கசப்பை இறக்கி வைப்பதும் அதே ஆளோடு அதே வீட்டில் தொடர்வதும் தனித்தனியாக எடுக்க வேண்டிய இரண்டு முடிவுகள். இரண்டாவதற்கு அந்த ஆள் தன் பக்கத்துக் கணக்கைத் திறந்து பார்க்கிறாரா என்பது தெரிந்தாக வேண்டும்.